தோலின் நிறமும் விளம்பரத்தின் அளவுகோலும்

எதையும் அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். நீளத்திற்கு மீட்டர், நிறைக்குக் கிலோகிராம். இவற்றை உலக நாடுகள் கூடிப் பேசி வரையறுத்தன. ஆனால் அழகுக்கும் ஓர் அளவுகோல் உண்டு என்று நாள்தோறும் நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பவை விளம்பரங்கள். இந்த அளவுகோலை வரையறுத்தவர்கள் யார்? மாதிரியாக வைக்கப்பட்டது யாருடைய முகம்? அந்த முகத்தோடு ஒத்துப்போகாத கோடிக்கணக்கான மக்கள் எங்கே நிறுத்தப்பட்டார்கள்?

இக்கேள்விகளுக்கு விடை காண அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு பெரிதும் உதவும். அழகுப் பொருள் விளம்பரங்களில் அவர்கள் முதலில் இகழப்பட்டனர், பின்னர் விலக்கப்பட்டனர், அதன் பின் தாமே விளம்பரம் செய்யக் கற்றனர், இன்று அழைத்துப் போற்றப்படுகின்றனர். ஏறத்தாழ 140 ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றத்தில் சமூகப் போராட்டத்திற்கு இருந்த பங்கு பலருக்கும் தெரியும். ஒளியியலுக்கும் வேதியியலுக்கும் இருந்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

சோப்பு செய்த பிரசாரம்

1880-களில் இங்கிலாந்தின் பேர்ஸ் சோப்பு நிறுவனம் ஒரு படத்தைத் தன் விளம்பரமாக வெளியிட்டது. அதன் முதல் பகுதியில் வெள்ளைக் குழந்தை ஒன்று, கறுப்புக் குழந்தை ஒன்றைத் தொட்டியில் குளிப்பாட்டுகிறது. அடுத்த பகுதியில் கறுப்புக் குழந்தை தொட்டியை விட்டு வெளியே வந்திருக்கிறது. சோப்புப் பட்ட உடல் முழுதும் வெளுத்துவிட்டது. முகம் மட்டும் கறுப்பாக இருக்கிறது.

சோப்பின் திறமையைக் காட்ட வரைந்த வேடிக்கைப் படம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பிய வல்லரசுகள் ஆப்பிரிக்காவைத் தமக்குள் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. கறுப்பு என்பது அழுக்கு, வெள்ளை என்பது தூய்மை, கழுவி வெளுப்பாக்குவது ஒரு நற்பணி என்ற எண்ணத்தை அந்தப் படம் சமையலறை வரை கொண்டு சேர்த்தது. ஆட்சியாளரின் கொள்கையைச் சோப்புக் கட்டி வீடு வீடாக விற்றது எனலாம்.

தோலின் நிறம் அழுக்கன்று என்பதை அறிவியல் தெளிவாகவே விளக்கியிருக்கிறது. தோலில் மெலனோசைட் என்னும் செல்கள் இருக்கின்றன. இவை மெலனின் என்ற நிறமியை உண்டாக்குகின்றன. வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடு இன்றி இச்செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதரிடத்தும் ஏறத்தாழ ஒன்றுதான். அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையும், நிறமித் துகள்களின் பருமனும், அவை தோலில் பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன. கடும் வெயில் படும் நிலப்பகுதிகளில் வாழ்ந்த மக்களுக்கு மெலனின் ஒரு குடை. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சி உடலை அது காக்கிறது. அந்தக் குடையைத்தான் அழுக்கு என்று சோப்புக்காரர்கள் சொன்னார்கள்.

சலவைத் தொழிலாளியின் முகம்

1867 டிசம்பர் 23 அன்று லூயிசியானா மாநிலத்தின் டெல்டா என்ற ஊரில் சாரா பிரீட்லவ் என்ற பெண் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். 7 வயதில் தாய் தந்தையரை இழந்தார். 14 வயதில் மணம். 20 வயதில் கையில் ஒரு பெண் குழந்தையோடு விதவை. செயின்ட் லூயிஸ் நகரில் துணி வெளுத்துப் பிழைத்தார். அந்நாளில் அவருக்குத் தலைமுடி கொட்டத் தொடங்கியது. குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகளில் வாழ்ந்த ஏழைப் பெண்கள் பலருக்குத் தலைத்தோல் நோய்களால் அக்காலத்தில் இந்நிலை இருந்தது.

ஆனி டர்ன்போ மலோன் என்ற மற்றொரு கறுப்பினப் பெண்மணி 'போரோ' என்ற பெயரில் கூந்தல் பொருள்கள் தயாரித்து வந்தார். அவருடைய விற்பனையாளராகச் சிறிது காலம் பணியாற்றிய சாரா, பின்னர் டென்வர் நகருக்குச் சென்று தம் சொந்தத் தயாரிப்பைத் தொடங்கினார். தலைத்தோலைத் தூய்மை செய்யும் ஷாம்பும் கந்தகம் கலந்த களிம்பும் அதன் அடிப்படை. 1906-இல் பத்திரிகை விளம்பரத் துறையில் இருந்த சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்தார். அதன் பின் உலகம் அவரை மேடம் சி. ஜே. வாக்கர் என்றே அறிந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அவருடைய விளம்பரம். கறுப்பின மக்களுக்கான பொருளுக்கும் வெள்ளை மங்கையின் படத்தைப் போட்ட காலத்தில், வாக்கர் தம் சொந்த முகத்தையே டப்பாவின் மேல் அச்சிட்டார். மருந்துக்கு முன் குட்டையாக இருந்த தம் கூந்தலையும், பின் நீண்டு வளர்ந்த கூந்தலையும் புகைப்படமாக வெளியிட்டார். வாங்குபவரின் முகமும் விற்பவரின் முகமும் ஒரே இனத்து முகமாயிற்று. வீடு வீடாகச் சென்று விற்கப் பல்லாயிரம் பெண்களைப் பயிற்றுவித்தார். சமையற்காரியாகவோ சலவைக்காரியாகவோ மட்டுமே வேலை கிடைத்த பெண்களுக்கு அது புதிய பிழைப்பு.

1917-இல் பிலடெல்பியா நகரில் அவருடைய விற்பனைப் பெண்கள் மாநாடு கூட்டினார்கள். கூந்தலைப் பற்றிப் பேசியதோடு அவர்கள் நிற்கவில்லை. கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமைக்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று குடியரசுத் தலைவர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினார்கள். அழகுப் பொருள் வணிகம் அரசியல் உரிமைக் குரலாகவும் மாறியது.

இரண்டு குரல்கள்

ஆனால் கறுப்பினப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் வேறொரு குரலும் ஒலித்தது. தோலை வெளுப்பாக்கும் களிம்புகளின் விளம்பரங்கள் அவற்றில் நிறைந்திருந்தன. வெளுத்தால் வேலை கிடைக்கும், மணமாகும், மதிப்பு உயரும் என்பது அவற்றின் சாரம். அக்காலக் களிம்புகள் பலவற்றில் பாதரசச் சேர்மங்கள் இருந்தன. இவை மெலனின் உருவாவதைத் தடுக்கும். கூடவே சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். 1970-களில்தான் அமெரிக்க அரசு அவற்றைத் தடை செய்தது.

நானி ஹெலன் பரோஸ் என்ற கறுப்பினக் கல்வியாளர், வெளுப்பதையும் முடியை நிமிர்த்துவதையும் கண்டித்து 1904-லேயே கட்டுரை எழுதினார். நிறத்தை அன்று, குணத்தையே போற்ற வேண்டும் என்பது அவர் வாதம். வாக்கர் தம் காலத்தில் வெளுப்புக் களிம்பு விற்கவில்லை. ஆனால் 1919-இல் அவர் மறைந்த பிறகு அவருடைய நிறுவனமே அத்தகைய பொருள் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சந்தையின் இழுப்பு அவ்வளவு வலிமையாக இருந்தது.

1945 நவம்பரில் சிகாகோவில் ஜான் எச். ஜான்சன் 'எபனி' என்ற மாத இதழைத் தொடங்கினார். கறுப்பின மக்களின் வெற்றியையும் வாழ்வையும் வழவழப்பான தாளில் காட்டிய இதழ் அது. அதிலும் வெளுப்புக் களிம்பு விளம்பரங்கள் இடம்பெற்றன என்பதை மறைக்கக்கூடாது. ஒரு பக்கத்தில் பெருமை. மறு பக்கத்தில் தாழ்வு மனப்பான்மை. இரண்டும் ஒரே இதழில் அடுத்தடுத்து வாழ்ந்தன.

கறுப்பே அழகு

1962 ஜனவரியில் நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதியில் ஓர் அழகுக் காட்சி நடந்தது. குவாமி பிராத்வைட் என்ற புகைப்படக் கலைஞரும் அவருடைய நண்பர்களும் நடத்தியது. 'கிராண்டாசா' அழகியர் என்ற பெயரில் மேடையேறிய பெண்கள் முடியை நிமிர்த்தவில்லை, தோலை வெளுக்கவில்லை, ஆப்பிரிக்கத் துணிகளை அணிந்திருந்தார்கள். கறுப்பே அழகு என்ற முழக்கம் அக்காலத்தில் தெருக்களில் பரவியது.

விளம்பரத் துறை இதைக் கவனித்தது. ஜார்ஜ் ஜான்சன் 1954-இல் சிகாகோவில் தொடங்கிய ஜான்சன் பிராடக்ட்ஸ் நிறுவனம், சுருள்முடியை அப்படியே அழகாகப் பேணுவதற்கு 'ஆப்ரோ ஷீன்' என்ற பொருளைத் தயாரித்தது. அதற்கான விளம்பரத்தை, 1956-இல் தம் நிறுவனத்தைத் தொடங்கிய வின்ஸ் கல்லர்ஸ் என்ற கறுப்பின விளம்பரக் கலைஞர் அமைத்தார். அழகிய மக்கள் என்ற பொருள்படும் சுவாகிலி மொழிச் சொற்கள் அதில் தலைப்பாக அமைந்தன. ஆப்பிரிக்க மொழிகளில் ஒன்றை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தலை எண்ணெய் விளம்பரம் பேச வைத்தது! 1971-இல் ஜான்சன் பிராடக்ட்ஸின் பங்குகள் அமெரிக்கன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. கறுப்பர் உடைமையான நிறுவனம் ஒன்றுக்கு அங்கு இடம் கிடைத்தது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு தம் நிறுவனத்தைத் தொடங்கிய டாம் பர்ரல் ஒரு கருத்தை வலியுறுத்தி வந்தார். வெள்ளையருக்கான விளம்பரத்தில் ஆளை மட்டும் மாற்றிவிட்டால் அது கறுப்பருக்கான விளம்பரம் ஆகிவிடாது. அவர்களுக்கெனத் தனி வாழ்க்கையும் பண்பாடும் உண்டு என்பதே அது.

அட்டைப்படங்களும் மாறின. 1966 மார்ச்சில் டோனியேல் லூனா பிரிட்டிஷ் 'வோக்' இதழின் அட்டையில் தோன்றினார். ஆனால் விரல்கள் முகத்தின் பெரும்பகுதியை மறைத்திருந்தன. 1968 நவம்பரில் நவோமி சிம்ஸ் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழின் அட்டையில் இடம்பெற்றார். 1974 ஆகஸ்டில் பெவர்லி ஜான்சன் அமெரிக்க 'வோக்' அட்டையை அடைந்தார். அந்த இதழ் தொடங்கியது 1892-இல். 82 ஆண்டுகள் கழித்தே அதன் அமெரிக்கப் பதிப்பின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது.

படச்சுருளின் பாரபட்சம்

அட்டையில் இடம் கிடைத்தால் போதுமா? அந்த முகம் சரியாகப் பதிவாக வேண்டுமே! இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது.

வெளிர் நிறத் தோல் தன் மீது விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ திருப்பி அனுப்புகிறது. மிகக் கரிய தோல் பத்தில் ஒரு பங்கோ அதற்குக் குறைவாகவோதான் திருப்பி அனுப்புகிறது. ஒளிப்பட வல்லுநர்கள் ஒளியின் அளவு இரு மடங்காவதை ஒரு படி என்பார்கள். ஆகவே இவ்விரு முகங்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு படி வேறுபாடு உண்டு.

பிலிம் ஒளிக்கு எப்படி இணங்குகிறது என்பதை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் 1890-லேயே வரைபடமாக்கிக் காட்டினர். பிலிமில் படியும் கருமையை ஒளியளவின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் சாய்ந்த S போன்ற வளைகோடு கிடைக்கும். நடுப்பகுதி ஏறத்தாழ நேர்கோடு. அங்கே ஒளியில் ஏற்படும் சிறு வேறுபாடும் படத்தில் தெளிவாகத் தெரியும். வளைகோட்டின் அடிப்பகுதியோ தட்டையாக இருக்கும். அங்கே விழும் வேறுபாடுகள் எல்லாம் ஒன்றாக நசுங்கிவிடும்.

வெளிர் முகத்திற்கு ஏற்றபடி ஒளியை அமைத்துப் படம் எடுத்தால் அந்த முகம் வளைகோட்டின் நடுவில் அமர்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்கும் கரிய முகம் அடிப்பகுதிக்குத் தள்ளப்படும். கன்னத்தின் மேடும் மூக்கின் நிழலும் நெற்றியின் பளபளப்பும் காணாமற் போய், கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். தவறு முகத்தில் இல்லை; வளைகோட்டில் எந்த இடம் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

வண்ணப் படத்தில் சிக்கல் இன்னும் கூடியது. வண்ணப் பிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளுக்குத் தனித்தனி அடுக்குகள் உள்ளன. மெலனின் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சுகிறது. எனவே கரிய தோலைச் சரியாகக் காட்ட, பழுப்பு, செம்பழுப்பு, கருமை ஆகியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளை அடுக்குகள் பிரித்தறிய வேண்டும். பிலிமைத் தயாரித்தவர்கள் எந்தத் தோலை மனத்தில் கொண்டு அடுக்குகளைச் சமன் செய்தார்கள் என்பதே கேள்வி.

இதற்கான விடையை ஒரு சிறிய அட்டை சொல்லிவிடும். ஸ்டூடியோக்களில் வண்ணப் படங்களைச் சரியான நிறத்தில் அச்சிடுவதற்காகக் கோடக் நிறுவனம் மாதிரிப் படம் ஒன்றை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைப் பெண் அமர்ந்திருப்பார். தொழிலாளர்கள் அதை ஷெர்லி அட்டை என்றே அழைத்தார்கள். ஷெர்லியின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். பெண்கள் மாறினார்கள், பெயரும் வெள்ளைத் தோலும் மாறவில்லை. சில அட்டைகளில் இயல்பு என்ற பொருள்படும் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. ஆக, அளவுகோல் என்று நாம் முதலில் சொன்னது இங்கே வெறும் உவமை அன்று. ஆய்வுக்கூடத்தில் மெய்யாகவே அது ஓர் அட்டையாக இருந்தது.

கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத் இந்த அட்டையின் கதையை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பிலிமின் பழுப்பு நிறத் திறனை மேம்படுத்தக் கோடக்கைத் தூண்டியவர்கள் யார் என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் அவரிடம் கூறிய செய்தி வியப்பூட்டும். சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேசை செய்வோரும் வந்து, தங்கள் சாக்லேட்டின் பழுப்பும் தேக்கின் பழுப்பும் படத்தில் சரியாக வரவில்லை என்று முறையிட்டார்களாம்! மனித முகத்திற்காகச் செய்யப்படாதது மரச் சாமானுக்காகச் செய்யப்பட்டது. 1990-களின் நடுவில்தான் வெவ்வேறு இனத்துப் பெண்கள் மூவரைக் கொண்ட அட்டையைக் கோடக் வெளியிட்டது.

சாம்பல் பூத்த முகப்பூச்சு

பிலிமைப் போலவே முகப்பூச்சிலும் ஓர் இயற்பியல் உண்டு. 'ஃபவுண்டேஷன்' எனப்படும் அடிப்பூச்சில் முக்கியமான வெள்ளை நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. இதன் ஒளிவிலகல் எண் 2.5 முதல் 2.7 வரை. தோலுக்கோ ஏறத்தாழ 1.4 அல்லது சிறிது கூடுதல். இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகுதி ஆகையால் இந்நிறமியின் நுண்துகள்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் வலுவாகச் சிதறடிக்கின்றன. தழும்பும் கறையும் மறைவது இதனால்தான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று இரும்பு ஆக்சைடுகளைக் கலந்து வேண்டிய நிறத்தைக் கொண்டுவருவார்கள்.

வெள்ளைத் தோலுக்கான கலவையில் கறுப்பு ஆக்சைடைக் கூட்டிவிட்டால் கரிய தோலுக்கான பூச்சு ஆகிவிடும் என்று பல நிறுவனங்கள் எண்ணின. ஆனால் வெள்ளை நிறமி சிதறடிக்கும் ஒளி, கரிய தோலின் மேல் மெல்லிய புகைத்திரை போலப் படிந்தது. குறுகிய அலைநீள ஒளியை நுண்துகள்கள் கூடுதலாகச் சிதறடிப்பதால் அத்திரையில் நீலச் சாயலும் சேர்ந்தது. முகம் சாம்பல் பூத்தது போலாயிற்று. இதற்குத் தீர்வு, கலவையை அடியிலிருந்து மாற்றி அமைப்பதே. லோரியால் நிறுவனத்தின் வேதியியலாளர் பலாண்டா ஆட்டிஸ், கரிய தோலுக்கான பூச்சில் அல்ட்ராமரீன் நீல நிறமியைப் பயன்படுத்தி, மங்கல் இல்லாத ஆழ்ந்த நிறங்களை உருவாக்கினார்.

அதற்கு நெடுங்காலம் முன்பே இக்குறையைக் கண்டவர் எபனி நிறுவனர் ஜான்சனின் மனைவி யூனிஸ் ஜான்சன். அவர் 1958 முதல் ஊர் ஊராக அழகு உடைக் காட்சிகள் நடத்திவந்தார். தமக்கேற்ற பூச்சு கடையில் கிடைக்காமல் காட்சிப் பெண்கள் இரண்டு மூன்று பூச்சுகளை உள்ளங்கையில் குழைத்துக்கொள்வதை மேடைக்குப் பின்னால் கண்டார். அதன் விளைவாக 1973-இல் பிறந்ததே 'பேஷன் பேர்' அழகுப் பொருள்கள். அதே ஆண்டு நவோமி சிம்ஸ் பொய்முடி வணிகத்தைத் தொடங்கினார். கறுப்பினப் பெண்களின் முடியை ஒத்த இழையைப் பெற, செயற்கை இழைகளைத் தம் வீட்டு அடுப்பிலேயே வாட்டிச் சோதித்தார். 1994-இல் சோமாலியாவில் பிறந்த அழகி இமான் தம் பெயரிலேயே பூச்சு வகைகளைக் கொண்டுவந்தார்.

2017 செப்டம்பரில் பார்படாஸ் நாட்டுப் பாடகி ரிஹானா 'பெண்டி பியூட்டி' என்ற பெயரில் ஒரே நாளில் 40 நிறங்களில் அடிப்பூச்சு வெளியிட்டார். அதன் விளம்பரத்தில் பல நிறப் பெண்கள் சமமாக நின்றனர். மிகக் கரிய நிறங்கள் பல கடைகளில் விரைவில் விற்றுத் தீர்ந்தன. கரிய நிறங்களுக்கு வாங்குவோர் இல்லை என்று வணிகர்கள் சொல்லிவந்த சமாதானம் அத்தோடு கலைந்தது. மற்ற நிறுவனங்களும் 40 நிறங்களை ஓர் எல்லைக்கோடாகக் கொள்ளத் தொடங்கின.

அளவுகோல்கள் மாறுகின்றன

மருத்துவ உலகிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. தோலியல் அறிஞர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் தோலை நான்கு வகையாகப் பிரித்தார். புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கு அளவு குறிப்பதற்காக அவர் அமைத்த பகுப்பு அது. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்கான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்ந்தன. 2022-இல் சமூகவியல் அறிஞர் எல்லிஸ் மங்க் அமைத்த பத்து நிற அளவுகோலைக் கூகுள் நிறுவனம் வெளியிட்டது. கணிப்பொறி முகத்தை அடையாளம் காண்பதிலும் இச்சிக்கல் தொடர்கிறது. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா என்று கூறும் மென்பொருள்கள் வெளிர் நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்திற்கு மேல் தவறவில்லை. கரிய நிறப் பெண்களிடம் அவற்றுள் ஒன்று 34.7 சதவீதம் தவறியது. ஷெர்லி அட்டை மறைந்தாலும் அதன் ஆவி மறையவில்லை போலும்!

பழைய பழக்கம் விளம்பரத்திலும் தலைகாட்டியது. 2017 அக்டோபரில் டவ் சோப்பு நிறுவனம் வெளியிட்ட சிறு படத்தில், கறுப்பினப் பெண் ஒருவர் சட்டையைக் கழற்ற, உள்ளிருந்து வெள்ளைப் பெண் தோன்றினார். பல இனத்தாரையும் காட்டுவதே நோக்கம் என்று நிறுவனம் கூறியது. எனினும் மன்னிப்புக் கேட்டுப் படத்தை விலக்கிக்கொண்டது. பேர்ஸ் சோப்பின் தொட்டியை மறவாதவர்களுக்கு அந்தப் படம் வேறெதை நினைவூட்டியிருக்கும்? ஆனால் அதே டவ் நிறுவனம், சுருள்முடிக்காகவும் பின்னல்களுக்காகவும் ஒருவரை வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கக்கூடாது என்ற சட்டத்திற்கு ஆதரவு திரட்டியது. கலிபோர்னியா மாநிலம் 2019-இல் அச்சட்டத்தை முதன்முதலாக இயற்றியது. ஒரே நிறுவனத்திடம் இரு முகங்களும் இருக்கக்கூடும் என்பதை வாசகர்கள் கவனிக்க.

2020 மே 25 அன்று மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் பிடியில் உயிரிழந்ததும் எழுந்த போராட்டம் நம் நாட்டுக் கடைகளையும் எட்டியது. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஆசியாவில் விற்ற வெளுப்புப் பொருள்களை நிறுத்தியது. 1975 முதல் இந்தியாவில் விற்றுவந்த 'பேர் அண்ட் லவ்லி' களிம்பு 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாறியது. இதற்கு முன்பே, 2009-இல் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு கருமையும் அழகே என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. 2014-இல் இந்திய விளம்பரத் தரக் கழகம், கரிய தோலைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று நெறி வகுத்திருந்தது. ஆயினும் டப்பாவின் மேல் பெயர் மாற, ஹார்லத்தில் தொடங்கிய குரல் மினியாபோலிஸ் வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது.

ஆதாயம் யாருக்கு?

இவ்வளவும் இன ஒற்றுமையின் வெற்றி என்று மகிழ்ந்து நின்றுவிடலாமா? இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவது, உடைமை. ஜான்சன் பிராடக்ட்ஸ் 1993-இல் பெரிய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. சிகாகோவின் மற்றொரு கறுப்பர் நிறுவனமான சாப்ட் ஷீனை 1998-இல் லோரியால் வாங்கியது. எபனியைத் தொடங்கிய ஜான்சன் பதிப்பகம் 2019-இல் திவாலாகி, அதன் ஏறத்தாழ 40 லட்சம் படங்கள் கொண்ட காப்பகம் 3 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. நல்லூழாக, அதை வாங்கிய அறக்கட்டளைகள் பொது அருங்காட்சியகத்திற்கே வழங்கின. அழகுக்கு விலை உண்டு என்று மெய்ப்பித்தவர்கள் கறுப்பின மக்கள். அந்த விலையை இன்று பெரும்பாலும் பெறுவோர் வேறு பலர்.

இரண்டாவது, உடல்நலம். முடியை நிமிர்த்தும் காரப் பொருள்களில் எச்சரிக்கை வாசகம் அச்சிட 1975-இல் அரசின் வணிக ஆணையம் ஜான்சன் பிராடக்ட்ஸைக் கட்டாயப்படுத்தியது. அதே வகைப் பொருளை விற்ற ரெவ்லான் நிறுவனத்திற்கு அந்தக் கட்டாயம் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்தே வந்தது. 2022-இல் அமெரிக்க தேசிய உடல்நல நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. இவ்வகைப் பொருள்களைப் பயன்படுத்தாத பெண்களுள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காண்பவர் 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்துவோருள் 4.05 சதவீதம் என அது மதிப்பிட்டது. பயன்படுத்தியதாகக் கூறியவர்களுள் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் கறுப்பினப் பெண்கள். பொருளே காரணம் என இதைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. தொடர்பு இருப்பதை மட்டும் ஆய்வு காட்டுகிறது. என்றாலும், நிமிர்ந்த முடியே அழகு என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த விளம்பரத்தின் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை இந்த எண்கள் நம்மைக் கேட்கச் செய்கின்றன.

விளம்பரம் பொருளை விற்கவே பிறந்தது. சமத்துவத்தை நிலைநாட்ட அன்று. கறுப்பின மக்கள் அதில் பெற்ற இடம் எவரும் மனமிரங்கித் தந்ததில்லை. டப்பாவில் தம் முகத்தை அச்சிட்ட சலவைத் தொழிலாளியும், முடியை நிமிர்த்தாமல் மேடையேறிய ஹார்லம் பெண்களும், உள்ளங்கையில் பூச்சுக் குழைத்த காட்சிப் பெண்களும், நிறமியின் குணத்தை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்த வேதியியலாளரும் சிறிது சிறிதாக ஈட்டியது அது.

மாணவர்கள் அடுத்த முறை ஓர் அழகு விளம்பரத்தைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இந்த முகத்தை எந்த முகத்தோடு ஒப்பிடச் சொல்கிறார்கள்? விளக்கும் காமிராவும் பூச்சும் இந்தத் தோலுக்காகவே அமைக்கப்பட்டனவா, அல்லது வேறொரு தோலுக்காக அமைத்ததில் இதை ஒட்டவைத்தார்களா? இதை நான் வாங்கினால் காசு யாரிடம் போகிறது, கேடு வந்தால் யாரைச் சேர்கிறது? ஒரு கருவியை நம்புவதற்கு முன் அது எதைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது என்று கேட்பது ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் முதல் பாடம். விளம்பரத்தையும் அவ்வாறே கேட்கலாம்.